உட்கார்ந்த வண்டி

1956 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை மாலை, டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஆல்டன் மோட்டார் கம்பெனியின் சோதனை ஓட்டத் தளத்தில், இன்னும் விற்பனைக்கு வராத ரீஜென்சி கார் ஒன்று வளைவில் பாதையை விட்டு விலகி உருண்டது. உள்ளே இருவர் இருந்தார்கள். பொறியாளர் கார்ல் ரவுஷ் அங்கேயே இறந்தார். ஓட்டுநர் டாய்வோ லாட்டி பிழைத்துக்கொண்டார். குடித்துவிட்டு ஓட்டி மரணம் விளைவித்ததாக அவர்மீது வழக்குப் பதிவானது.

விசாரணை நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, கார்லின் மனைவி எடித் ரவுஷ் துப்பறிவாளன் நீல் கரிகனின் அலுவலகத்துக்கு வந்தார். கறுப்பு உடுப்பு, கறுப்புக் கையுறை. கையில் பெரிய உறை ஒன்று.

"உங்க புருஷன் செத்த வண்டியை ஓட்டினவரைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க," என்றான் கரிகன். "நான் சரியாத்தான் கேட்டேனா?"

"சரியாத்தான் கேட்டீங்க. டாய்வோ ஒன்பது வருஷமா கார்லுக்கு வண்டி ஓட்டினார். ஒரு பீர் தொட்டது கிடையாது. அவங்க அப்பா வடக்கே சுரங்க ஊர்ல, ஃபின்லாந்துக்காரங்களோட மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். கிறிஸ்துமஸ் கேக்குல ரம் சேர்த்திருக்குன்னு தெரிஞ்சா டாய்வோ தட்டையே தள்ளி வெச்சிடுவார்."

"இந்த ஊர்ல அப்படி ஒருத்தரா?" என்றாள் வாண்டா. கரிகனின் உதவியாளர், ஹாம்ட்ராம்க் பகுதிப் போலந்துக்காரி. "மியூசியத்துக்காரங்க எப்படி விட்டு வெச்சாங்க?"

"வாண்டா."

"சரி பாஸ். வாயை மூடிட்டேன்."

எடித் கோபித்துக்கொள்ளவில்லை. போலீஸ் சொல்வதைச் சொன்னார். வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் எஃகுக் கோப்பைகள் கிடந்தன. டாய்வோவின் கோட்டில் ஸ்பிரிட் வாடை வீசியது. நேராக நிற்க முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, 'வண்டி உட்கார்ந்துடுச்சு' என்று மட்டும் திரும்பத் திரும்ப உளறினார்.

"உருண்ட வண்டியிலேர்ந்து வெளிய வந்தவர் நேரா நின்னாத்தான் நான் சந்தேகப்படுவேன்," என்றான் கரிகன். "கோப்பை எப்படி வந்தது?"

எடித் உறையிலிருந்து ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்தார். ரீஜென்சிக்காகக் கம்பெனி தயார் செய்துகொண்டிருந்த மாதிரிப் பிரதி; டாய்வோவின் வக்கீல் கேட்டு வாங்கியது. வாண்டா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"துருப்பிடிக்காத எஃகுக் கூரை. நாலு ஹெட்லைட். நடுவுல தூண் இல்லாம எதிரெதிராத் திறக்கிற கதவு. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள, காந்தத்துல ஒட்டி நிக்கிற ஆறு எஃகுக் கோப்பை. பின்சீட்டுல பவுடர் டப்பா, கைக்கண்ணாடி, பிரெஞ்சு சென்ட் பாட்டில்..." அவள் நிமிர்ந்தாள். "பாஸ், இது காரா, கல்யாணச் சீரா?"

"கோப்பை வண்டியோட வந்தது. சென்ட் பாட்டில் உடைஞ்சு அவர் கோட்டுல கொட்டியிருக்கு. சென்ட்டுல பெரும்பகுதி ஸ்பிரிட்தான். முடிஞ்சதே கேஸ்?"

"டாய்வோவோட வக்கீலும் இதையேதான் சொன்னார்," என்றார் எடித். "அரசு வக்கீல் சிரிச்சாராம். சிரிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி. காய்ஞ்ச ரோடு. நல்ல வெளிச்சம். கைதேர்ந்த டிரைவர். குடிக்கலைன்னா வண்டி ஏன் கவிழ்ந்தது?"

"வண்டியைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"வண்டி இல்லை. நசுக்கிக் கட்டியாக்கிட்டாங்க. வெளிவராத வண்டி எதுவானாலும் வேலை முடிஞ்சா அப்படித்தான். மத்த கம்பெனிக்காரன் கண்ணுல படக் கூடாதுன்னு."

கரிகன் பென்சிலை உருட்டினான். இந்த ஊரில் புதிய காரின் பின்பக்க விளக்கு எப்படி இருக்கும் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ரகசியத்துக்காக நசுக்கினோம் என்றால் எந்த நீதிபதியும் தலையாட்டிவிடுவார்.

உறையிலிருந்து ஒரு புகைப்படமும் நழுவி விழுந்தது. ஒரு காரின் பக்கத்தில் மண்டியிட்டு, கையில் ஸ்பானருடன் சிரிக்கும் மனிதர். வெள்ளைச் சட்டை.

"இவர் டை எங்க போகுது?" என்றாள் வாண்டா.

எடித் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "கிரீஸ் படக் கூடாதுன்னு ரெண்டு பட்டனுக்கு நடுவுல செருகிக்குவார். எங்க கல்யாண கேக்கை வெட்டறப்பக்கூட அப்படித்தான். எங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க." பிறகு சிரிப்பு போய்விட்டது. "மிஸ்டர் கரிகன், அவர் எப்படிச் செத்தார்னு எனக்குத் தெரியணும். என்னவா இருந்தாலும் சரி."

*

சிறையில் டாய்வோ லாட்டி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளிறிய முடி, அகலமான கைகள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள்.

"வண்டி உட்கார்ந்துடுச்சுன்னா என்ன அர்த்தம்?"

"உட்கார்ந்துடுச்சு. பின்பக்கம். எடுக்கும்போதே கனமாத் தெரிஞ்சுது. அந்த வண்டி அப்படி இருக்காது. தொட்டில்ல போற மாதிரி இருக்கும்."

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்குமா?"

"அதுல ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் ரப்பர் பை. பைக்குள்ள காத்து. கார்லோட வேலை அது." அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குக் குரல் வந்தது. "பின் அச்சுக்கும் மேல இருக்கிற வால்வுக்கும் நடுவுல ஒரு சின்னக் கம்பி. ரெண்டு முனையிலயும் திருகு மரை. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தா, கம்பி வால்வைத் தள்ளும். காத்து உள்ள போகும். வண்டி பழைய உயரத்துக்கே எழுந்துடும். ஆறு தடியன்களை ஏத்தினாலும் ஒரு விரக்கடை இறங்காது."

"அப்போ அது எப்படி உட்காரும்?"

"அதான் எனக்கும் புரியல. வளைவுல ரோடு கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், வேணும்னே போட்டு வெச்சது. அதுல ஏறினதும் அடியில டங்குனு இடிச்சுது. பின்பக்கம் துள்ளிச்சு. அவ்வளவுதான்."

"கார்ல் ஏதாவது சொன்னாரா?"

டாய்வோ கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு அவர் வர வேண்டியதே இல்லை. தளத்துலயே ஒரு கொட்டகையில வண்டியை வெச்சு விளம்பரத்துக்குப் படம் எடுத்துட்டிருந்தாங்க. ஓட்டத்துக்கு ஒரு வண்டி குறையுதுன்னு என்னை அனுப்பி அதை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் கிளம்பினதும் பின்னாடியே ஓடி வந்து ஏறிக்கிட்டார். கோட்டுகூடப் போடல. முதல் சுத்து ஒண்ணும் பேசல. ரெண்டாவது சுத்துல, வளைவு வர்றப்ப, 'டாய்வோ, கொஞ்சம் மெதுவாப் போ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னார்."

"என்ன சொல்லணும்னார்?"

"நான் லீவு கேட்டிருந்தேன். அதைப் பத்தின்னு நினைச்சேன்."

*

கரிகனின் பழைய இரண்டு கதவுக் கூப்பே கார் ஒவ்வொரு பள்ளத்திலும் முனகியது. வாண்டா மடியில் கோனி டாக் என்கிற இறைச்சி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ரீஜென்சியின் விளம்பரப் படத்தைப் பிடித்திருந்தாள்.

"சில்லி சாஸ் படத்துல படப் போகுது."

"பட்டா படட்டும். அப்பவாவது இந்த வண்டி நிஜமாத் தெரியும். பாருங்க பாஸ், எவ்வளவு தாழ்வா இருக்கு! பின்சக்கரம் பாதி உள்ள போயிருச்சு. டிக்கியில மணல் மூட்டை போட்டிருப்பான்."

"என்ன மூட்டை?"

"மணல். எங்க சித்தப்பா மகன் கார்ப் படம் எடுக்கிற இடத்துல அதுக்குன்னே வேலைக்கு இருந்தான். படம் எடுக்கறதுக்கு முன்னாடி மூட்டையை ஏத்தி வண்டியை அமுக்கணும். வண்டிக்கு உருவம் போடற ஸ்டைலிங் ஆளுங்க பாஷையில அதுக்கு 'உட்கார வெக்கறது'ன்னு பேரு. வண்டி நின்னா அவங்களுக்குப் பிடிக்காது. உட்காரணும்."

கரிகன் வண்டியை ஓரங்கட்டினான்.

"இன்னொரு தடவை சொல்லு."

"உட்காரணும். ஏன், போலிஷ்ல சொல்லவா?"

"டாய்வோ சொன்னதும் அதே வார்த்தைதானே?"

வாண்டா மெல்வதை நிறுத்தினாள். "ஆனா பாஸ், மூட்டை போட்டா..."

"இந்த வண்டியில வேலைக்கு ஆகாது. மூட்டையை ஏத்தினா அது பாட்டுக்குக் காத்தை இழுத்துக்கிட்டு எழுந்துடும். ஆனா படத்துல உட்கார்ந்திருக்கு. அப்போ யாரோ அந்தக் கம்பியிலேயே கை வெச்சிருக்கான். மரையைத் திருகிக் கம்பியைக் குட்டையாக்கிட்டா, வண்டி தன் உயரமே அதுதான்னு நினைச்சுக்கும். பையில காத்து இருக்காது. படத்துக்கு அழகு. வளைவுல எமன்."

"யார் வெச்சது?"

"படம் எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

*

எமில் டூசே படமும் எடுப்பார், எடுத்த படத்தைத் தூரிகையாலும் சாயம் தெளிக்கும் காற்றுத் துப்பாக்கியாலும் திருத்தியும் வரைவார். ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சரில் வீடு, இக்கரையில் கிழக்கு ஜெஃபர்சன் தெருவில் வேலைக்கூடம். விரல்களில் வெள்ளைச் சாயம்.

"இது படமே இல்லை மிஸ்டர்," என்றார் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து, பெருமை தாங்காமல். "நடுவுல வெட்டி நீட்டியிருக்கேன். அகலத்தை இழுத்திருக்கேன். பளபளன்னு இருக்கிற இடத்துல எல்லாம் சுத்தி நிக்கிறவன் மூஞ்சி தெரியும். அதை எல்லாம் அழிச்சுட்டு வானத்தை வரைஞ்சிருக்கேன். பக்கத்துல நிக்கிற பொண்ணைச் சின்னதாக்கியிருக்கேன், வண்டி பெருசாத் தெரியணும்னு."

"என்னையும் அப்படிச் சின்னதாக்கித் தருவீங்களா?" என்றாள் வாண்டா.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம் மிஸ்."

"பாஸ், கேட்டுக்குங்க. இனிமே டயட் கிடையாது."

கரிகன் குறுக்கிட்டான். "வண்டியைத் தாழ்த்தினதும் உங்க தூரிகைதானா?"

"அதுதான் இல்லை. நிஜமாவே தாழ்ந்துதான் இருந்தது." எமில் குரலைத் தணித்தார். ஸ்டைலிங் பிரிவின் தலைவர் ஹார்லன் வோக் கொட்டகைக்கு வந்தார். பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து வண்டியைப் பார்த்தார். 'உட்காரல' என்றார். மூட்டைகளை ஏற்றினார்கள். வண்டி இறங்கியது. எல்லோரும் சிகரெட் பற்றவைத்தார்கள். சிகரெட் முடிவதற்குள் வண்டி மூட்டைகளோடு மெல்ல எழுந்து நின்றது.

"கொட்டகையே சிரிச்சுது. வோக் மட்டும் சிரிக்கல. 'இது உட்காரணும்'னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டுக் காபி குடிக்கப் போயிட்டார். அவர் பின்னாடியே மத்தவங்களும் கலைஞ்சுட்டாங்க. நான் ஏணி மேல விளக்கைச் சரி பண்ணிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா உட்கார்ந்திருக்கு. உடனே ஒண்ணு எடுத்துப் பார்த்தேன். மறுநாளும் எடுக்கறதா இருந்தது, அதனால அப்படியே விட்டுட்டாங்க. அப்புறம்தான் டிரைவர் வந்து ஓட்டிட்டுப் போனார். ஒருத்தர் பின்னாடியே ஓடினார்."

"ஏன் நிறுத்தச் சொல்லல அவர்?"

"வோக் வாசல்ல காபியோட நின்னுட்டிருந்தாரே."

"உடனே எடுத்த அந்தப் படம் எங்க?"

"நெகட்டிவ் எல்லாத்தையும் கம்பெனி அன்னிக்கே வாங்கிட்டுப் போய் எரிச்சுடும், அதுதான் வழக்கம். திருத்தற வேலைக்குன்னு பிரதி ஒண்ணு மட்டும் என்கிட்ட இருக்கும்." அவர் இழுப்பறையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

யாரும் கை வைக்காத படம். வண்டி கொஞ்சம் குட்டை. கொஞ்சம் சாதாரணம். பின்சக்கரத்தின் மேல் பாதி உடம்புக்குள் போயிருந்தது. கரிகன் பூதக்கண்ணாடியைப் பின்பக்க பம்பரின் மேல் நகர்த்தினான். குரோமியத்தின் வளைவில் கொட்டகை முழுவதும் நெளிந்து கிடந்தது: விளக்குகள், ஏணி, மணல் மூட்டைகள். அவற்றுக்கு நடுவே, வண்டியின் பின்னாலிருந்து அப்போதுதான் எழுகிற மாதிரி, மண்டியிட்ட ஒரு மனிதர். முகம் வளைவில் இழுபட்டு ஒரு கோடாகிவிட்டது. கையில் ஸ்பானர். வெள்ளைச் சட்டை.

டை நெஞ்சுவரை வந்து, இரண்டு பட்டன்களுக்கு நடுவே காணாமல் போயிருந்தது.

கரிகன் கண்ணாடியை வாண்டாவிடம் கொடுத்தான். அவள் பார்த்தாள். அவள் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுக் கோட்டு பட்டனைப் போட ஆரம்பித்தாள்.

*

எடித் ரவுஷின் வீட்டுச் சமையலறையில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. கரிகன் படத்தை உறைக்குள்ளேயே வைத்திருந்தான்.

"மிசஸ் ரவுஷ், இதை நான் உங்ககிட்டக் காட்டாம வக்கீல்கிட்டக் கொடுக்கலாம். இல்ல, யார்கிட்டயும் கொடுக்காம இருக்கலாம். நீங்க என்ன சொல்றீங்களோ அது."

"காட்டுங்க."

அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. விரல் நேராகப் பம்பரின் மேல் போய் நின்றது.

"சட்டையை இஸ்திரி போடறப்ப அந்த இடத்துல மட்டும் சுருக்கம் போகாது," என்றார். "எவ்வளவு தண்ணி தெளிச்சாலும் போகாது." பிறகு, "அந்த வோக் சொன்னாருன்னு செஞ்சிருக்கார்," என்றார்.

"வோக் தெளிவா எதுவும் சொல்லல. உட்காரணும்னு மட்டும் சொல்லியிருக்கார்."

"அது போதுமே. அந்தக் கம்பெனியில அவர் புருவத்தைத் தூக்கினா ஒரு வண்டிக்குக் கதவு மாறும். கார்ல் ராத்திரி வந்து அவரைத் திட்டுவார். காலையில போய் அவர் சொன்னதைச் செய்வார்." காபி பொங்கியது. வாண்டா எழுந்து அடுப்பை அணைத்தாள். "டாய்வோகிட்டச் சொல்லத்தான் ஓடினாரா?"

"அப்படித்தான் தெரியுது. முதல் சுத்துல வாய் வரல."

"அவருக்குத் தப்பை ஒத்துக்கறதுக்கு எப்பவும் கொஞ்ச நேரம் ஆகும்," என்றார் எடித். "வக்கீல்கிட்டக் கொடுத்துடுங்க."

"உங்க புருஷன் பேரு வெளிய வரும்."

"உயிரோட இருக்கிறவர் பேரு டாய்வோ."

*

திங்கட்கிழமை மதியம் எமில் டூசே சாட்சிக்கூண்டில் ஏறினார். நல்ல சூட் போட்டு, விரல்களைத் தேய்த்துக் கழுவியிருந்தார். டாய்வோவின் வக்கீல் படத்தை ஜூரிகளிடம் கொடுத்தார். எமில் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஜூரிகள் பூதக்கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டார்கள். பின்வரிசையில் வாண்டா, கரிகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்தார். கையில் விளம்பரப் புத்தகம்.

"இந்த அழகான வேலை உங்களோடதா?"

"ஆமா சார்."

"இந்த வானம் நிஜமா?"

"இல்லை சார். நான் வரைஞ்சது."

"பக்கத்துல நிக்கிற பொண்ணு?"

"கொஞ்சம் சின்னதாக்கினேன்."

ஜூரிகள் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார்.

"பம்பர்ல தெரிஞ்ச ஆளுங்களை அழிச்சிருக்கீங்க. அழிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வரையவும் தெரியும் இல்லையா? பம்பர்ல ஒரு ஆளை வரைய எவ்வளவு நேரம் ஆகும்?"

கரிகன் கண்களை மூடிக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கூண்டில் ஏற்றியிருந்தான். அதைவிட மோசம், தன் கைமேல் பெருமை உள்ள ஆளை.

"அரை மணி நேரம் சார்."

"டையைச் சட்டைக்குள்ள செருகின ஆளா?"

"அது இன்னும் சுலபம். டையோட கீழ்ப்பாதியை வரைய வேண்டாமே." சிரிப்பு வந்த பிறகுதான் எமிலுக்கு உறைத்தது. "ஆனா நான் வரையல சார்! சத்தியமா இதை நான் தொடவே இல்ல!"

"நெகட்டிவ் எங்க?"

"எரிச்சுட்டாங்க."

"கார்?"

எமில் நீதிபதியைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். கரிகனைப் பார்த்தார். கரிகனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஹார்லன் வோக் சாம்பல் நிற சூட்டில் வந்தார். உட்காரணும் என்று சொன்னதை மறுக்கவில்லை. "இருபது வருஷமா எல்லா வண்டியையும் பார்த்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். கம்பியைத் தொடுன்னு யார்கிட்டயும் சொல்லல. எனக்கு அதுல கம்பி இருக்கிறதே தெரியாது." அது உண்மையாகவே இருக்கலாம் என்று கரிகனுக்குத் தோன்றியது.

எடித் ரவுஷ் சாட்சி சொன்னார். சட்டைச் சுருக்கத்தைச் சொன்னார். அரசு வக்கீல் மிகுந்த மரியாதையுடன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும் பெண்மணியை யாராவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் ஜூரிகளிடம் பின்னால் சொன்னார். சொல்லும்போது கரிகன் இருந்த பக்கம் பார்த்தார்.

ஜூரிகள் கலந்துபேச உள்ளே போனபோது, தாழ்வாரத்தில் விலங்கோடு நின்ற டாய்வோ கரிகனைக் கூப்பிட்டார்.

"அதைத்தான் சொல்ல வந்தாரா?"

"ஆமா."

"நான் மெதுவாத்தான் போனேன். சொன்ன உடனே காலை எடுத்துட்டேன்." தன் வலது காலைப் பார்த்தார். "வளைவு முன்னாடியே வந்துடுச்சு."

வாண்டா கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. கரிகன் தன்னுடையதைக் கொடுத்தான்.

"ஏதாவது சொல்லேன்," என்றான்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லை பாஸ்."

ஜூரிகள் மாலைக்குள் திரும்பினார்கள். குற்றவாளி என்றார்கள். நீதிபதி இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்.

ஆல்டன் ரீஜென்சி டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் கூடத்தில் அறிமுகமானது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் பின் அச்சுக் கம்பிக்குத் திருகு மரை இல்லை. இரு முனைகளும் பற்றவைக்கப்பட்டிருந்தன; இனி யாராலும் அதைக் குட்டையாக்க முடியாது. டாய்வோ லாட்டி அந்த வாரம் சிறையின் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போடப்பட்டார்.